அம்பு தைத்த பன்றியும் செவ்வாய்க்கிழமைக் கப்பலும்

கப்பலில் பத்து நாள் வாந்தி எடுத்தவன் எழுதுகிற கட்டுரை இது. கடல் வர்ணனை வேண்டுபவர்கள் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். போகும்போது நான் பார்த்ததெல்லாம் ஒரு தகர வாளியின் அடிப்பாகம்தான்.

ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையில் நான் போகவில்லை. என் அக்காள் புருஷனைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். அத்தான் வேலாயுதம் சிங்கப்பூருக்குப் போய்ப் பதின்மூன்று வருஷம். அங்கே சாலை போடும் ஆட்களுக்கு மேஸ்திரி. அக்காளும் அவள் மகள் தையல்நாயகியும் நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அத்தான் கப்பல் ஏறியபோது குழந்தைக்கு ஐந்து வயது. இப்போது பதினெட்டு. ஒருவழியாக நல்ல இடம் அமைந்து, தை மாதம் முகூர்த்தம் வைத்தாகிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். பெண்ணின் தகப்பன் நேரில் வந்து பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். பதின்மூன்று வருஷம் வராத மனிதருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருக்குமோ என்பது அவர்கள் சந்தேகம். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தகப்பன் வராவிட்டால் கல்யாணம் இல்லை என்பதை மட்டும் வாய்விட்டே சொன்னார்கள். 'வருகிறேன், பெட்டி கட்டிவிட்டேன்' என்று அத்தான் கடிதம் எழுதியிருந்தார். அக்காள் நம்பவில்லை. "நீ போய்க் கையோட கூட்டிட்டு வா" என்றாள். ரயில்வே சாமான் கொட்டகையில் குமாஸ்தாவாக இருந்து இருபது வருஷம் சேர்த்துவைத்த லீவு இந்த வழியில் போயிற்று.

புதன்கிழமை காலை இறங்கினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நாகப்பட்டினத்துக்குக் கப்பல். அதைத் தவறவிட்டால் அதற்கடுத்த கப்பல் ஊர் போய்ச் சேருவதற்குள் முகூர்த்தம் கடந்துவிடும். ஆறு நாள் இருக்கிறதே, தூங்கியாவது கழிக்கலாம் என்று நினைத்தேன். என் ஜாதகத்தில் தூக்கம் எழுதவில்லை.

துறைமுகத்தில் ரிக்‌ஷாக்காரரிடம் 'சிராங்கூன் ரோடு' என்றேன். அவரும் நல்லபடியாகத் தலையாட்டி இழுத்துக்கொண்டு ஓடினார். எருமைக் கொட்டில்கள் வந்தன, நம் ஊர் முகங்கள் வந்தன, செக்கு ஓடும் வாசனை வந்தது, எல்லாம் வந்து எல்லாம் பின்னால் போயின. சிராங்கூன் ரோடு என்பது ஒரு தெருவின் பெயர் என்று எண்ணியிருந்தேன். அது ஊரைத் தாண்டி, தென்னந்தோப்புகளைத் தாண்டி, ஓர் ஆற்றங்கரையில் போய் முடிகிற சாலை. ரிக்‌ஷாக்காரர் அந்த ஆற்றங்கரையில் என்னை இறக்கிவிட்டு வேர்வையைத் துடைத்தார். சொன்ன இடத்துக்குச் சரியாகக் கொண்டுவந்து சேர்த்தவரை எப்படித் திட்டுவது? பொங்கோல் என்கிற மீனவர் கிராமத்திலிருந்து மீன் ஏற்றிவந்த ஒரு மாட்டு வண்டியில், கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பினேன்.

அத்தான் அதே சாலையின் ஊர்ப்பக்க முனையில், தேக்கா என்கிற இடத்தில், ஒரு மரைக்காயர் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார். மரைக்காயர் நாகூர்க்காரர், வயது ஐம்பது இருக்கும், மளிகை வியாபாரம். என்னைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தார். மீன் நாற்றம்.

"நாகப்பட்டினத்துத் தம்பியா? வாங்க, வாங்க. மொதல்ல குளிச்சிடுங்க. அத்தான் இப்பத்தான் காட்டுலேர்ந்து வந்தாரு."

"காட்டிலேர்ந்தா?"

"அது அவரே சொல்வாருலா. நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

அத்தான் இளைத்திருந்தார். காது ஓரம் நரை. முழங்கைவரை கீறல்கள். அறை மூலையில் டிரங்குப்பெட்டி கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தது. கடிதத்தில் பொய் எழுதவில்லை. ஆனால் பெட்டிக்கு மேலே சுவரில், ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு வில் தொங்கிக்கொண்டிருந்தது. கோயில் சிற்பங்களில் தவிர நான் வில் பார்த்ததில்லை. இது கறுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு, உபயோகத்தில் இருக்கும் பொருளாகத் தெரிந்தது.

சாப்பிட உட்கார்ந்ததும் விஷயம் வெளியே வந்தது. அத்தான் நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தீவின் வடக்கே கிராஞ்சிப் பக்கம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறாராம். தானே வில் செய்து, தானே அம்பு செய்து. அங்கே ஒரு சீனர் அன்னாசித் தோட்டம் வைத்திருக்கிறார். பன்றிகள் தோட்டத்தைக் கிளறி நாசம் செய்வதால், வேட்டைக்கு வருகிறவரை அவர் சாமி மாதிரி வரவேற்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை, ஊருக்குப் போகும் முன் கடைசியாக ஒரு தடவை என்று போயிருக்கிறார். பெரிய ஆண் பன்றி ஒன்று நாற்பது அடி தூரத்தில் நின்றிருக்கிறது. இருபது அடிக்குள் வந்தாலொழிய விடக்கூடாது என்பது இவரே தனக்கு வைத்துக்கொண்ட விதி. கடைசி நாள் என்ற அவசரத்தில் விட்டுவிட்டார். அம்பு இடுப்பில் தைத்தது. பன்றி அம்போடு ஓடிவிட்டது.

"அதைத் தேடி முடிக்காம நான் கப்பல் ஏற மாட்டேன், மாப்ளே" என்றார்.

என் கையில் இருந்த சோறு இலையில் விழுந்தது. "அத்தான், செவ்வாக்கெழமை கப்பல்."

"தெரியும். அம்பு பட்டதை அப்படியே விட்டுட்டுப் போறதில்ல. அது எங்கயோ கெடந்து கஷ்டப்படும். தோட்டத்துல வேலை செய்யற ஆளு மேல பாய்ஞ்சாலும் பாயும். வேட்டைக்குப் போறவன் யாரும் அப்படி விட மாட்டான்."

நல்ல மீன் குழம்பு. ஒரு வாய் இறங்கவில்லை.

வியாழக்கிழமை விடியற்காலையில் அவரோடு கிளம்பினேன். பன்றி கிடைத்தால் என் தலைவலி தீரும். வேறு ஆசை எனக்கில்லை. கிராஞ்சிக்கு ரயில் விட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. ரயில் என்றால் என் சொந்தக்காரன் மாதிரி, அங்கேயாவது நிம்மதி இருக்கும் என்று ஏறினேன். பாதி வழியில் மரம் விழுந்து கிடக்கிறதென்று வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். எதிரில் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா ஒருவர் என் பெருமூச்சுகளை எண்ணிக்கொண்டே வந்தார் போலிருக்கிறது.

"உங்கட ஊரில ரயில் நேரத்துக்கு வருமோ?" என்று கேட்டார்.

நான் ரயில்வேயில் இருப்பதைச் சொல்லாமல் வெளியே கொட்டிய மழையைப் பார்த்தேன்.

அந்த ஊர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் ஐப்பசி மழை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வரும். மேகம் கூடும், காற்று திரும்பும், கிழவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். அங்கே மழைக்கு அந்த மரியாதை கிடையாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டும். கொட்டி முடிந்ததும் நம் உடம்பிலிருந்தே ஆவி கிளம்பும். அன்னாசித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் அவித்த இட்லியாக இருந்தேன். காலில் ஐந்து அட்டைகள்.

தோட்டக்காரச் சீனர் கறுப்புத் தேநீரும் அரிந்த அன்னாசியும் கொடுத்தார். ஆட்கள் மேற்கு மூலைக்கு வேலைக்குப் போகப் பயப்படுகிறார்கள் என்று மலாயில் சொன்னார். அத்தான் எனக்கு எடுத்துச் சொன்னார். ஒருவரைப் பன்றி துரத்தி மரத்தில் ஏற்றிவிட்டதாம். நாங்கள் பகல் முழுக்கத் தேடினோம். அத்தான் தரையைப் பார்த்தபடியே நடந்தார். சேற்றில் ஒரு குளம்புத் தடத்தைக் காட்டி, "பாரு, பின் வலதுகாலை இழுக்குது" என்றார். எனக்குச் சேறுதான் தெரிந்தது. நான் எதற்கோ தும்மியபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை அக்காள் பார்த்திருக்க வேண்டும். பன்றி கிடைக்கவில்லை.

திரும்பும்போது கேட்டேன். "துப்பாக்கியோட துரைமாருங்க யாரையாவது கூட்டிட்டு வந்தா ஒரு நாள் வேலைதானே அத்தான்?"

"துப்பாக்கி தூரத்துலேர்ந்து சுடறது. அதுக்குப் பன்னியைப் பத்தி ஒண்ணும் தெரிஞ்சிருக்க வேணாம். வில்லுக்கு அப்படி இல்ல. அது மூச்சு விடறது நமக்குக் கேக்கணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குது, அது காலைல எங்க தண்ணி குடிச்சுது, எல்லாம் தெரிஞ்சாதான் இருபது அடிக்குப் போக முடியும்." வில்லைத் தோள் மாற்றிக்கொண்டு, "பதிமூணு வருஷமா விசிலுக்கு எழுந்து விசிலுக்கு உக்காந்தேன். போட்ட ரோடு யாரோ ஒருத்தனுது. இந்த வில்லு மட்டும் நான் செஞ்சது" என்றார்.

அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இருந்தாலும் என் கால் வலி குறையவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தான் புது அம்பு முனைகள் வாங்கக் கொல்லன் பட்டறைக்குப் போனார். என் கால் வீங்கியிருந்ததால் அறையிலேயே கிடந்தேன். வெளியே எருமைகளை ஓட்டிப்போகும் சத்தம், மரைக்காயர் யாரிடமோ அரிசியைப் பற்றிச் சண்டை பிடிக்கும் சத்தம். மத்தியானம் அவர் வீட்டிலிருந்து நெய்ச்சோறு அனுப்பினார். வயிறு நிறைந்ததும் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், பசியில் அழுகை வரும், சாப்பிட்டால் கோபம் வரும்.

எழுந்து போய் அந்த வில்லைக் கழற்றினேன். மறுநாளும் வேட்டைக்குப் போவதாக இருந்ததால், அத்தான் பட்டறைக்குக் கிளம்பும் முன் நாணேற்றி, இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே மாட்டியிருந்தார். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கனம் குறைவு. இதற்காகவா என் அக்காள் காத்துக் கிடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே நாணை மார்புவரை இழுத்தேன். இழுத்ததை விட்டேன்.

காதுக்குப் பக்கத்தில் பட்டாசு வெடித்தது போல் ஒரு சத்தம். வில்லின் மேல்பாதி துண்டாகி எகிறிப் போய்ப் பெட்டிமேல் விழுந்தது. என் கையில் மிச்சம் இருந்தது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வில் இல்லை, வேட்டை இல்லை, செவ்வாய்க்கிழமை கப்பல். அப்புறம் அந்தத் துண்டுகளைப் பார்த்தேன். உட்புறம் அவ்வளவு வழவழப்பாக இழைத்திருந்தது. வெட்கமாக இருந்தது.

அத்தான் வந்தார். துண்டுகளைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"அம்பு வெச்சிருந்தியா?"

"இல்ல அத்தான். சும்மா இழுத்து விட்டேன்."

"சும்மா இழுத்து விடக் கூடாது மாப்ளே. அம்பு இருந்தா அந்த வேகத்தை அது எடுத்துட்டுப் போயிடும். இல்லேன்னா வில்லே வாங்கிக்கணும்." துண்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தார். "தப்பு எம்மேலதான். நாணைக் கழட்டி வெக்காம போனேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்படிப் பேசியதும் என் வாய் கட்டுமீறிப் போயிற்று. "ஒரு பன்னியை அடிச்சிட்டு விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு இவ்வளவு சொல்றீங்களே, எங்க அக்கா பதிமூணு வருஷமா என்ன செய்யறா? அவளைத் தேடிக்கிட்டு ஒரு நாள் வந்தீங்களா?"

அத்தான் துண்டுகளைப் பெட்டிமேல் வைத்தார். பக்கத்தில் இருந்த சமையல்கட்டுக்குப் போனார். அடுப்புக்கு மேலே புகையில் இரண்டு மூன்று பட்டையான மரத்துண்டுகள் கட்டித் தொங்கின. ஒன்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"ஆறு மாசமா காயுது. ஞாயித்துக்கெழமைக்குள்ள புது வில்லு செஞ்சிடலாம். நீ கூட இருந்தா."

அந்தப் பட்டை நிபோங் என்கிற மரத்திலிருந்து எடுத்தது. நம் பனைக்குத் தம்பி முறை. மேல்வைரம் கறுப்பாக, இரும்பு மாதிரி இருக்கும். வெள்ளி சாயங்காலமும் சனி, ஞாயிறும் நாங்கள் அதைச் சுரண்டினோம். முதலில் கத்தி, பிறகு உடைந்த கண்ணாடிச் சில்லு. வில்லை உத்தரத்தில் குறுக்காகக் கட்டி, நாணில் கயிறு போட்டு, நான் கீழிருந்து மெல்ல இழுக்க வேண்டும். அத்தான் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். எந்த இடம் வளைய மறுக்கிறதோ அங்கே கரியால் கோடு போடுவார். அந்த இடத்தில் பத்துச் சுரண்டல். மறுபடி கட்டு, மறுபடி இழு.

"இருபது சுரண்டினா சீக்கிரம் முடியுமே?" என்றேன்.

"எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது."

எத்தனை தடவை கட்டி அவிழ்த்தோம் என்று சொல்லத் தெரியாது. என் உள்ளங்கையில் கொப்புளம். மரைக்காயர் இடையிடையே எட்டிப் பார்த்து, "ஒரு பைத்தியம் இருந்துச்சு, இப்ப ரெண்டு" என்று சொல்லிவிட்டுத் தேநீர் அனுப்பினார். நாணை அத்தான் அன்னாசி நாரைத் திரித்து மெழுகு போட்டுச் செய்தார். ஞாயிறு மத்தியானம் கயிற்றை இழுத்தபோது மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அளவாக இறங்கி வந்தன. ஒரு முனகல் இல்லை. அத்தான் கரியைக் கீழே போட்டார். நாற்பத்திரண்டு வயதில், பிறர் சாமான்களுக்குச் சீட்டு ஒட்டியே பிழைத்த எனக்கு, ஒரு பொருள் என் கண் முன்னால் உருவானது அதுதான் முதல் தடவை. இன்னொரு முறை இழுக்கட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

திங்கட்கிழமை ரயில் ஓடியது. தோட்டக்காரர் ஓடிவந்து, மேற்கு ஓடைப் பக்கம் காலையில் உறுமல் கேட்டதாகச் சொன்னார். அத்தான் மடியிலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பல் எடுத்துக் காற்றில் விட்டார். அது எங்கள் முகத்துக்கே வந்தது. காற்று சரி, எங்கள் வாடை பன்றிக்குப் போகாது. ஆளுயரப் புல்லுக்குள் அவர் முன்னால், நான் பின்னால். சேற்றில் முட்டி போட்டு எவ்வளவு நேரம் நகர்ந்தோமோ தெரியாது. முதலில் நாற்றம் வந்தது. அழுகின புண்ணின் நாற்றம். அப்புறம் மூச்சு. உண்மையாகவே கேட்டது, சளி பிடித்த கிழவர் மூச்சு விடுகிற மாதிரி.

ஓடைக் கரையில் ஒரு புதருக்கு அடியில் படுத்திருந்தது. முறிந்த அம்பு இடுப்பில் துருத்திக்கொண்டிருந்தது, சுற்றிலும் ஈ. எங்களைப் பார்த்து எழ முயன்று, முன்கால் மட்டும் ஊன்றி நின்றது. அது பாயும் என்று நான் பின்னால் நகர்ந்தேன். அத்தான் மண்டியிட்டபடியே இழுத்தார். பத்தடி இருக்கும். புது வில் அவர் கைக்குள் மெல்ல வளைந்தது. விட்டார். பன்றி ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு தடவை காலை உதைத்து அடங்கியது.

நான் அழுதேன். பன்றிக்காகவா, அலுப்பிலா, இனி ஊருக்குப் போகலாம் என்பதாலா, பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அத்தான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பழைய அம்பை உருவி எடுத்தார். ஓடையில் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

"வேற குடும்பம் ஒண்ணும் கெடையாது மாப்ளே."

"தெரியும் அத்தான்."

"மொத ரெண்டு வருஷம் சேத்துக்கிட்டுப் போலாம்னு இருந்தேன். அப்புறம் காய்ச்சல். அப்புறம் போறதுக்கே கூச்சமா ஆயிடுச்சு. இப்ப பந்தல்ல நாலு பொண்ணுங்க ஒண்ணா நின்னா, என் பொண்ணு எதுன்னு நான் யாரையாவது கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். அந்தக் கையைப் பிடிச்சுக் குடுக்க எனக்கு என்ன தகுதி இருக்கு, சொல்லு."

"அஞ்சு மணிக்கு ரயில்" என்றேன். பன்றியைத் தோட்டத்து ஆட்களிடம் விட்டுவிட்டு நடந்தோம்.

செவ்வாய்க்கிழமை அவர் கப்பல் ஏறினார். மரைக்காயர் படகுத்துறைவரை வந்து, ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை என் கையில் திணித்து, "பொண்ணுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகத் திரும்பிப் போனார். கரை மறைவதற்கு முன்பே எனக்குக் குமட்ட ஆரம்பித்தது. அத்தான் என் தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கையால் வாளியை நகர்த்தினார்.

மறுநாள் கொஞ்சம் தலை தூக்க முடிந்தபோது மெதுவாக ஆரம்பித்தார். பெண் உயரமா, குட்டையா? உயரம் என்றேன். யார் சாயல்? அக்காள் சாயல்தான், மூக்கு மட்டும் உங்களுடையது. அவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். படிப்பாளா? கடிதம் படிப்பாள். என்ன சாப்பாடு பிடிக்கும்? இதில் கொஞ்சம் யோசித்து, வத்தக்குழம்பு என்றேன். எனக்குப் பிடித்தது அது, அவளும் அதைத்தான் அடிக்கடி செய்தாள்.

"நடை எப்படி? அழுத்தி வெச்சு நடப்பாளா, சத்தமே வராதா? நீ கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தா, உள்ள வரது தையல்தான்னு அந்த அடியை வெச்சே தெரியுமா உனக்கு?"

கண்ணை மூடிப் பார்த்தேன். பத்து வருஷமாக நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவள் அவள். அக்காளின் நடை காதில் வந்தது. என் மனைவியின் நடை வந்தது. அவளுடையது வரவில்லை.

"தெரியாது அத்தான்" என்றேன்.

"கூடவே இருந்த நீயும் கேக்கலயா மாப்ளே" என்று சொல்லி, அவர் வாளியை என் பக்கம் நகர்த்தினார்.